எதிராளி விட்டுச் சென்ற கட்டம்

(சதுரங்கம் பயிலும் மாணவர்களும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இன்றைய பேச்சு பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

1961-ல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். சென்னை தால் செஸ் கிளப்பில் ஆடி வளர்ந்த ஆனந்த் உலக சாம்பியன் ஆனார். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் பட்டத்தை வென்றார். இவற்றால் நமக்குக் கிடைத்த பலன் பெரிது. இன்று சின்ன ஊரில்கூட ஒரு செஸ் வகுப்பு இருக்கிறது. ஓபனிங்கைப் பதினைந்து நகர்த்தல் வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தந்திரப் புதிர்களைக் கண்மூடித் திறப்பதற்குள் போடுகிறார்கள். ஆனால் மனப்பாடம் தீர்ந்து, போர்டில் புதிர் எதுவும் இல்லாத ஒரு நிலை வருகிறதே, அங்கேதான் திணறுகிறார்கள். “சார், இப்ப என்ன ஆடறது?” என்று கேட்கிறார்கள். நிலைமை கொஞ்சம் பாதகமாக இருந்துவிட்டால் அந்தக் கேள்விகூட வருவதில்லை. யானையை ஒரு கட்டம் இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம் என்று நகர்த்திக்கொண்டு, தோல்வி வந்து சேரும்வரை காத்திருக்கிறார்கள்.

அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதற்கு மாற்று எதிராட்டம், அதாவது எதிராளியின் திட்டத்துக்குப் பதிலாக நாம் தொடுக்கும் ஆட்டம். அது ஏதோ மேதைகளுக்கு மட்டும் தோன்றும் மின்னல் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிராட்டம் கேட்டுப் பெறக்கூடியது. கேட்க வேண்டியது இதுதான்: எதிராளி என்ன செய்யப் போகிறார்? அதைச் செய்வதற்காக எந்தக் கட்டத்தைக் கைவிடுகிறார்? அந்தக் கட்டத்துக்குப் போகக்கூடிய காய் என்னிடம் எது? அதன் வழியில் நிற்பது எது? கடைசியாக, வழியைத் திறக்க நான் என்ன விலை கொடுக்கத் தயார்?

இந்தக் கேள்விகளுக்கு அடிப்படையாக ஓர் உண்மை இருக்கிறது. போர்டில் பின்னால் வர முடியாத காய் சிப்பாய் ஒன்றுதான். யானை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், குதிரை சுற்றி வரலாம். சிப்பாய் ஒரு முறை முன்னே போய்விட்டால், அது காவல் காத்துக்கொண்டிருந்த கட்டங்களுக்கு அந்தக் காவல் இனி என்றைக்கும் கிடையாது. எந்தப் பெரிய திட்டமும் சிப்பாயை நகர்த்தாமல் நடக்காது. ஆகவே எந்தத் திட்டமும் பின்னால் ஒரு கட்டத்தை விட்டுத்தான் போகும். எதிராட்டத்தின் வாசல் அது.

டெமோ போர்டில் ஓர் அமைப்பை வைக்கிறேன். ராணிப் பக்கச் சிப்பாய் ஓபனிங்கில், வெள்ளை சி4-ல் இருந்து டி5-ல் வெட்ட, கறுப்பு இ6 சிப்பாயால் திரும்ப வெட்டும் அமைப்பு. கார்ல்ஸ்பாத் அமைப்பு என்பார்கள். வெள்ளைக்கு ராணிப் பக்கம் ஏ2, பி2 என இரண்டு சிப்பாய், நடுவில் டி4, இ3. கறுப்புக்கு ராணிப் பக்கம் ஏ7, பி7, சி6 என மூன்று, நடுவில் டி5. இங்கே வெள்ளைக்குப் பெயர்பெற்ற ஒரு திட்டம் உண்டு. இரண்டு சிப்பாயை வைத்துக்கொண்டு மூன்றைத் தாக்குவது. மைனாரிட்டி அட்டாக் என்று வகுப்பில் கேட்டிருப்பீர்கள். யானை பி1-க்கு வரும், பி4, ஏ4, பிறகு பி5. அங்கே சி6-ல் வெட்டினால், கறுப்பின் சி6 சிப்பாய் பக்கத்துணை இல்லாமல் பாதி திறந்த சி ஃபைலில் நிற்கும். மீதி ஆட்டம் முழுக்க வெள்ளை அதை முற்றுகையிடலாம்.

அழகான திட்டம். ஆனால் பி சிப்பாய் பி4-க்குப் போன அந்த நொடியில் சி4 கட்டம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். பி2-ல் இருந்திருந்தால், கறுப்புக் குதிரை சி4-க்கு வரும்போது பி3 என்று துரத்தியிருக்கலாம். இப்போது முடியாது. கறுப்பு பி7 சிப்பாயைத் தானே பி5-க்குத் தள்ளி வெள்ளையை அங்கேயே நிறுத்திவிட்டு, டி7 குதிரையை பி6 வழியாக சி4-ல் கொண்டுபோய் உட்கார வைக்கலாம். சி6 சிப்பாய் பலவீனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தாக்க வேண்டிய சி ஃபைலின் நடுவே குதிரை உட்கார்ந்திருக்கிறதே! சரியான நேரத்தில் செய்தால் வெள்ளையின் தாக்குதல் அத்துடன் நின்றுபோகும். நேரம் முக்கியம். வெள்ளை பி4 ஆடுவதற்கு முன்பே பி5 தள்ளிவிட்டால், பி3 என்ற விரட்டு வெள்ளையிடம் அப்படியே இருக்கும். சி6 மட்டும் பலவீனமாகும்.

கறுப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. வெள்ளை ராணிப் பக்கத்தில் யானை, பி4, ஏ4, பி5 என்று செலவழிக்கும் நகர்த்தல்களுக்குள், கறுப்பு குதிரையை இ4-ல் நிறுத்தி, எஃப்5 தள்ளி, யானையை இ6 வழியாக ராஜாவின் பக்கம் ஜி6-க்கோ ஹெச்6-க்கோ திருப்பலாம். இரண்டு வழிகளில் எது? அதைச் சிப்பாய் சொல்லாது. காய்கள் எங்கே நிற்கின்றன என்பதுதான் சொல்லும். குதிரை பி6-க்குப் பக்கத்தில் இருக்கிறதா, இ4-க்குப் பக்கத்தில் இருக்கிறதா? சிப்பாய் அமைப்பு நமக்கு இரண்டு மூன்று திட்டங்களை அனுமதிக்கிறது. அவற்றில் ஒன்றைப் பொறுக்குவது காய்களின் வேலை. பாகு நகரத்துப் பயிற்சியாளர் விளாதிமிர் மகோகோனோவ், எதுவும் தோன்றாதபோது உன் காய்களில் மிக மோசமாக நிற்பது எதுவென்று பார்த்து அதைச் சரிசெய் என்று சொல்லித்தருவாராம். எளிய அறிவுரை. திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாத பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிவுரை எனக்குத் தெரியவில்லை.

இதே அமைப்பில் வெள்ளைக்கும் இன்னொரு திட்டம் இருக்கிறது. எஃப்3, இ4 என்று நடுவில் முன்னேறுவது. 1952-ல் மாஸ்கோவில் நடந்த சோவியத் சாம்பியன்ஷிப்பில் பாட்வின்னிக், கெரஸுக்கு எதிராக ஆடிய ஆட்டம் இதற்குப் பாடப்புத்தகம் போன்றது. பாட்வின்னிக் ஒன்பதாவது நகர்த்தலில் ராஜா பக்கக் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவராமல் இ2-க்குக் கொண்டுவந்தார். எஃப் சிப்பாய்க்கு வழி விட்டுவைத்தார். பிறகு பதினொன்றாவது நகர்த்தலில் யானையை பி1-க்கு நகர்த்தினார். அதாவது, ராணிப் பக்கம் பி4 வரப்போகிறது என்று எதிராளியை யோசிக்க வைத்தார். கெரஸ் தன் மந்திரியை இ7-லிருந்து டி6-க்கு எடுத்தார். உடனே பாட்வின்னிக் ராஜாவை ஹெச்1-க்கு ஒதுக்கிவிட்டு எஃப்3 ஆடினார். கெரஸின் மந்திரி டி6-லிருந்து மறுபடி இ7-க்கே திரும்ப வேண்டியதாயிற்று. பதினான்காவது நகர்த்தலில் பாட்வின்னிக் என்ன செய்தார் தெரியுமா? பி1-ல் இருந்த அதே யானையை இ1-க்குக் கொண்டுவந்தார்.

பி1-க்குப் போன யானை அங்கேயே இருந்து திட்டத்தை முடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நம் பிள்ளைகளில் பலர் ஒரு திட்டத்தை எடுத்துவிட்டால் அதைச் சபதம் போலக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். “அப்படித்தான் சார் நெனச்சேன்” என்கிறார்கள். எதிராளி இடையில் ஒரு நகர்த்தல் ஆடியிருக்கிறார், அது நிலைமையை மாற்றியிருக்கிறது என்பதே கணக்கில் வருவதில்லை. திட்டம் என்பது இந்த நிமிடத்து நிலைமைக்கு நாம் சொல்லும் பதில். நிலைமை மாறினால் பதிலும் மாறலாம்.

அந்த ஆட்டத்தில் இருபதாவது நகர்த்தலில் இ4 வந்தது, இருபத்திரண்டில் இ5 வந்தது. வெள்ளையின் டி4, இ5 சிப்பாய்கள் ஜோடியாக நின்றன. கெரஸ் குதிரையை டி5-க்குக் கொண்டுபோனார். இ4-ஐக் கடந்து வெள்ளைச் சிப்பாய் முன்னேறிவிட்டதால் டி5 கறுப்புக்குக் கிடைத்த கட்டம். நான் சொன்ன விதிப்படி சரிதானே? ஆனாலும் கெரஸ் தோற்றார். ஏன் என்பதை இப்போது சொல்லப்போவதில்லை. இன்னோர் ஆட்டத்தைப் பார்த்த பிறகு நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

1953 ஆகஸ்ட் கடைசியில் சுவிட்சர்லாந்தில் கேண்டிடேட்ஸ் போட்டி தொடங்கியது. 15 பேர், ஒவ்வொருவரோடும் இரண்டு முறை. ஸ்மிஸ்லோவ் வென்ற போட்டி, பிரான்ஸ்டைன் புத்தகமாக எழுதி உலகமெங்கும் படிக்கப்படும் போட்டி. அதன் இரண்டாம் சுற்றில் அமெரிக்காவின் சாமுவேல் ரெஷெவ்ஸ்கிக்கு வெள்ளைக் காய். எதிரே 24 வயது டிக்ரான் பெட்ரோசியன். பத்து ஆண்டு கழித்து உலக சாம்பியன் ஆனவர். அன்றைக்கு உலகம் அவரை அவ்வளவாக அறியாது.

இருபத்தைந்தாவது நகர்த்தலில் நிலைமை இது. பிள்ளைகளே, நீங்களும் வையுங்கள். வெள்ளை ராஜா ஜி1, ராணி எஃப்4, யானைகள் இ3, இ1, மந்திரிகள் ஜி4, பி2. சிப்பாய்கள் ஏ3, சி3, டி4, இ5, ஜி2, ஹெச்2. கறுப்பு ராஜா ஜி8, ராணி இ8, யானைகள் இ7, டி8, மந்திரி ஜி6, குதிரை சி6. சிப்பாய்கள் ஏ5, பி5, சி4, எஃப்7, ஜி7, ஹெச்7. ஆடவேண்டியது கறுப்பு.

எண்ணிக்கை சமம். ஆனால் எந்தப் பக்கம் உட்கார ஆசைப்படுவீர்கள்? நூற்றில் தொண்ணூறு பேர் வெள்ளை என்பார்கள். டி4, இ5 சிப்பாய்கள் எதிரே தடையில்லாமல் நிற்கின்றன. இரண்டு யானையும் இ ஃபைலில் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஜி4 மந்திரி டி7-ஐயும் இ6-ஐயும் பார்க்கிறது. வெள்ளையின் ஆசை இ6 என்று தள்ளி எல்லாவற்றையும் உடைப்பது. கறுப்பு சும்மா இருந்தால் அது வந்தே தீரும்.

இப்போது கேள்விகளைக் கேட்போம். எதிராளி என்ன செய்யப் போகிறார்? இ6. அதற்காக எதை விட்டுவிட்டார்? இ4-ல் இருந்த சிப்பாய் இ5-க்கு வந்தபோது டி5 காவலை விட்டுவிட்டது. சி சிப்பாயோ சி3-ல் முடங்கிக் கிடக்கிறது, கறுப்பின் சி4 சிப்பாய் அதை நகரவிடாது. ஆக டி5-ல் ஒரு காய் வந்து உட்கார்ந்தால் எந்த வெள்ளைச் சிப்பாயும் அதை விரட்ட முடியாது. அங்கே போகக்கூடிய காய் எது? சி6 குதிரை. எந்த வழியாக? இ7. இ7-ல் நிற்பது யார்? கறுப்பின் சொந்த யானை!

அப்படியானால் யானையை ஒதுக்கினால் போதுமே என்று தோன்றும். எங்கே ஒதுக்குவது? டி7-க்குப் போனால் ஜி4 மந்திரி வெட்டும். ஏ7, பி7, சி7 என்று எங்கே போனாலும் இ ஃபைலை விட்டுப் போகிறது, வெள்ளை இ6 தள்ளிவிடும். யானை இ ஃபைலை விட்டும் போகக்கூடாது, இ7-ல் நிற்கவும் கூடாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கட்டம், இ6. அங்கே வைத்தால் வெள்ளைச் சிப்பாய் அசைய முடியாது. குதிரைக்கும் இ7 திறந்துவிடும். ஒரே குறை, ஜி4 மந்திரி யானையை இலவசமாக இல்லாவிட்டாலும் சல்லிசாக வெட்டும்.

பெட்ரோசியன் யானையை இ6-ல் வைத்தார்.

இந்த நகர்த்தலைப் பார்த்துப் பிரமித்து நிற்பதோடு பலர் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த விலையின் கணக்குதான் பெரிதாகப் படுகிறது. மந்திரி இ6-ல் வெட்டினால், கறுப்பு எஃப்7 சிப்பாயால் திரும்ப வெட்டும். இப்போது இ6-ல் ஒரு கறுப்புச் சிப்பாய் நிற்கும். இ5 சிப்பாய் அங்கேயே ஆணியடித்தது போல் நின்றுவிடும். அதே இ6 சிப்பாய் டி5 குதிரைக்கும் துணை. எல்லாவற்றையும்விட முக்கியம், போர்டை விட்டு வெளியேறியது வெள்ளையின் எந்த மந்திரி என்பது. வெள்ளை நிறக் கட்டங்களில் ஓடும் மந்திரி. டி5 வெள்ளை நிறக் கட்டம். அந்தக் குதிரையை வெட்டக்கூடிய ஒரே சிறு காய் போய்விட்டது. மிச்சம் இருக்கும் பி2 மந்திரியோ சி3, டி4, இ5 என்று தன் சொந்தச் சிப்பாய்களே கட்டிய சுவருக்குப் பின்னால் மூச்சுமுட்டி உட்கார்ந்திருக்கிறது. கறுப்பு கொடுத்தது யானை. வாங்கியது வெறும் மந்திரி என்று கணக்கில் எழுதுவோம். ஆனால் அந்த நிலைமையில் வெள்ளையிடம் இருந்த மிக மதிப்புள்ள சிறு காய் அதுதான்.

ரெஷெவ்ஸ்கி சாமானியர் அல்ல. சிறு வயதிலேயே உலகம் சுற்றிப் பல போர்டுகளில் ஒரே நேரத்தில் ஆடியவர். அவர் உடனே வெட்டவில்லை. ஏ4 என்று ராணிப் பக்கத்தை உடைக்கப் பார்த்தார். பெட்ரோசியன் குதிரையை இ7-க்கு எடுத்தார். இருபத்தேழில் ரெஷெவ்ஸ்கி யானையை வெட்டினார். அடுத்த நகர்த்தலில் வெள்ளை ராணி எஃப்1-க்குப் பின்வாங்க, குதிரை டி5-ல் வந்து உட்கார்ந்தது. அங்கிருந்து அது சி3, இ3, எஃப்4 மூன்றையும் பார்க்கிறது. பிறகு கறுப்பு மந்திரி டி3-ல் வந்து நின்றது. வெள்ளையின் வயிற்றிலேயே, வெள்ளை நிறக் கட்டத்தில், விரட்ட ஆள் இல்லாமல்! முப்பதாவது நகர்த்தலில் ரெஷெவ்ஸ்கி தன் யானையைக் கொடுத்து அந்த மந்திரியை எடுத்தார். கொடுத்த விலை திரும்பி வந்துவிட்டது. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதலாகக் கிடைத்தது, கறுப்புக்கு பி ஃபைலில் ஓடக்கூடிய ஒரு சிப்பாய் கிடைத்தது. நாற்பத்தொன்றாவது நகர்த்தலில் டிரா.

டிராதானா என்று ஒரு பிள்ளையின் முகம் வாடுவது தெரிகிறது. அப்பா, அந்த நிலைமையில் டிரா என்பது வெற்றிக்குச் சமம். எதிராட்டத்தின் நோக்கம் எப்போதும் வெல்வது அல்ல. எதிராளி தன் திட்டத்தை நிம்மதியாக நடத்த முடியாமல் செய்வது முதல் நோக்கம். அது நடந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

இப்போது கெரஸிடம் திரும்புவோம். அவருடைய குதிரையும் டி5-ல் தான் இருந்தது. வெள்ளைச் சிப்பாய்களும் டி4, இ5-ல் தான். என்ன வித்தியாசம்? ஆம், மந்திரி. பதினெட்டாவது நகர்த்தலில் பாட்வின்னிக் குதிரையை எஃப்5-ல் வைத்தபோது கெரஸ் தன் வெள்ளை நிற மந்திரியால் அதை வெட்டினார். பாட்வின்னிக்கின் வெள்ளை நிற மந்திரி உயிரோடு இருந்தது. அது இ4-ல் வந்து நின்றது. இருபத்தேழாவது நகர்த்தலில் டி5 குதிரையை வெட்டியது. கறுப்பு சி6 சிப்பாயால் திரும்ப வெட்ட வேண்டியதாயிற்று. அத்துடன் டி5 என்ற நல்ல கட்டம் கறுப்புச் சிப்பாயாலேயே அடைபட்டது, சி ஃபைல் வெள்ளை யானைக்குத் திறந்தது, டி6-ல் உட்கார்ந்திருந்த வெள்ளைக் குதிரையைக் கேட்க ஆளில்லை. முப்பத்தேழாவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

ஒரே கட்டம், ஒரே குதிரை, இரு வேறு முடிவு. ஆகவே கட்டத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அங்கே போய் உட்காரும் காயை வெட்டக்கூடியவர் யார், அவரை எப்படி அப்புறப்படுத்துவது என்பது வரை யோசிக்க வேண்டும். பெட்ரோசியன் யானையைக் கொடுத்தே அந்த மந்திரியை வாங்கினார். அவ்வளவு மதிப்பு அந்தக் கட்டத்துக்கு இருந்தது. இவ்விரண்டு ஆட்டங்களையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள் என்று பயிற்சியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

விலை கொடுத்துக் கட்டம் வாங்கிய இன்னோர் ஆட்டம்: 1972 ரெய்க்யவிக், ஸ்பாஸ்கியுடன் ஃபிஷர் ஆடிய உலக சாம்பியன்ஷிப். ஃபிஷர் முதல் ஆட்டத்தில் தோற்று, இரண்டாவது ஆட்டத்துக்கு வராமலே இழந்து, இரண்டுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கி நின்றார். அதுவரை ஸ்பாஸ்கியை அவர் ஒரு முறைகூட வென்றதில்லை. மூன்றாவது ஆட்டம் ஒரு பின்னறையில் நடந்தது. பெனோனி ஓபனிங். பதினொன்றாவது நகர்த்தலில் கறுப்பு ஆடிய ஃபிஷர் குதிரையை ஹெச்5 என்ற ஓரக் கட்டத்தில் வைத்தார். ஓரத்தில் குதிரை வைக்காதே என்று நாம் முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறோம். அதுமட்டுமா? வெள்ளை மந்திரி அதை வெட்டினால் ஜி6 சிப்பாயால் திரும்ப வெட்ட வேண்டும். ஹெச் ஃபைலில் சிப்பாய் மேல் சிப்பாய், ராஜாவுக்கு முன்னால் ஓட்டை. ஸ்பாஸ்கி வெட்டினார்.

இங்கேயும் விலையைப் பாருங்கள். ஸ்பாஸ்கியின் வெள்ளை நிற மந்திரி போய்விட்டது. பெனோனியில் வெள்ளையின் இ4 சிப்பாய்தான் முதுகெலும்பு. இ4-ம் வெள்ளை நிறக் கட்டம். அதைக் காக்கும் நிரந்தரக் காவலாள் இனி இல்லை. கறுப்பு ராணி ஹெச்4-க்குப் போனது, குதிரை இ5 வழியாக ஜி4-க்கு வந்தது. அங்கே குதிரைகள் வெட்டிக்கொண்டபோது, அசிங்கமாக நின்ற ஹெச்5 சிப்பாய் ஜி4-ல் வந்து நிமிர்ந்து நின்றது. எஃப்3 ஆடி இ4-ஐத் தாங்க வெள்ளைக்கு இனி வசதி இல்லை. பிறகு ஃபிஷர் அவசரப்படவே இல்லை. ராணிப் பக்கம் பி5, சி4 என்று சிப்பாய்களை முன்னேற்றினார், யானைகளை இ ஃபைலில் அடுக்கினார். முப்பத்தொன்றில் மந்திரியால் சி3 குதிரையை வெட்டி, முப்பத்திரண்டில் யானையால் இ4 சிப்பாயைப் பறித்தார். குதிரை ஓரத்துக்குப் போனது பதினொன்றில், இ4 விழுந்தது முப்பத்திரண்டில். இடையில் இருபத்தொரு நகர்த்தல். எதிராட்டம் என்றால் உடனே செக் வைப்பது என்று நினைக்கும் பிள்ளைகள் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

போலியான எதிராட்டம் ஒன்றும் உண்டு. நிலைமை நெருக்கும்போது, ஏதாவது செய்தாக வேண்டும் என்று தன் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாய்களைத் தள்ளிவிடுவது. அப்படித் தள்ளுபவர் தனக்கு எதிராகத் தானே கட்டங்களைத் திறந்துவிடுகிறார். உண்மையான எதிராட்டத்தை ஒரே சோதனையில் கண்டுபிடிக்கலாம்: நான் ஆடுவதை எதிராளி கண்டுகொள்ளாமல் விட்டால் அவருக்கு வலிக்குமா? வலிக்காது என்றால் அது எதிராட்டம் அல்ல, வெறும் அசைவு. வலிக்கும் என்றால், அடுத்தது எண்ணிக்கை. அவர் திட்டம் முடிய எத்தனை நகர்த்தல், என் திட்டம் முடிய எத்தனை? கிங்ஸ் இண்டியன் ஆட்டங்களில் இது பச்சையாகத் தெரியும். நடுவில் சிப்பாய்கள் பூட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை சி5 என்று ராணிப் பக்கம் போகும், கறுப்பு எஃப்5, எஃப்4, ஜி5, ஜி4 என்று ராஜா பக்கம் வரும். 1953-ல் மார் டெல் பிளாட்டாவில் நைதோர்ஃபுக்கு எதிராக கிளிகோரிச் யானையை எஃப்7-க்கும் மந்திரியை எஃப்8-க்கும் நகர்த்தினார். அந்த மந்திரி வெள்ளை தாக்கும் டி6-ஐக் காக்கிறது. அதே நேரத்தில் யானைக்கு ஜி7 வழி திறக்கிறது. தற்காப்பும் தாக்குதலும் ஒரே நகர்த்தலில் கிடைத்ததால் அவர் எண்ணிக்கையில் முந்தினார், ஆட்டத்தையும் வென்றார்.

இவையெல்லாம் பழைய ஆட்டங்கள். அண்மையில் நாம் எல்லோரும் கண்விழித்துப் பார்த்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிங் லிரன். 2023 ஏப்ரல் 30, அஸ்தானா. நெபோம்னியாச்சியுடன் உலக சாம்பியன்ஷிப், டை-பிரேக்கில் மூன்று ரேபிட் ஆட்டமும் டிரா. நான்காவது ஆட்டத்தில் நெபோம்னியாச்சியின் ராணி செக் மேல் செக் வைக்க, டிரா கையெட்டும் தூரத்தில் இருந்தது. டிங்கின் கடிகாரத்தில் நேரம் மிகக் குறைவு. நாற்பத்தாறாவது நகர்த்தலில் அவர் ராஜாவை நகர்த்தாமல், யானையை ஜி6-ல் குறுக்கே வைத்துச் செக்கைத் தடுத்தார். அந்த யானை அங்கே ‘பின்’ ஆகிவிடும், அசைய முடியாது. தெரிந்தே கட்டிக்கொண்டார். ஆட்டம் தொடர வேண்டும் என்று விரும்பினார். வென்று சாம்பியன் ஆனார்.

அதே டிங், 2024 டிசம்பரில் குகேஷுக்கு எதிராகக் கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்தார். ஆறரைக்கு ஆறரை சமநிலை. அன்று அவர் ஒரு சிப்பாயை இழந்தாலும் பரவாயில்லை என்று காய்களை வெட்டிக்கொண்டு இறுதி ஆட்டத்துக்குப் போனார். கணக்குப்படி அது டிரா. ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில் கேட்கும் இடத்தில் இருந்தவர் குகேஷ், பதில் சொல்லும் இடத்தில் இருந்தவர் டிங். ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை வெட்டிக்கொண்டு, மந்திரியை டி5-ல் வைத்து மந்திரிகளையும் வெட்டவைத்தார். சிப்பாய் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் கறுப்புக்கு வெற்றி. பெருமைக்குரிய ஒரு வீரரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அன்று மணிக்கணக்காக அவர் தற்காத்துக்கொண்டே இருந்தார். தற்காப்பு ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்த்தலும் சரியாக இருந்தாக வேண்டும், எதிரே இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குகேஷ் ஐம்பதாவது நகர்த்தலைத் தாண்டியும் அந்தக் கேள்விகளைக் கேட்பதை நிறுத்தவில்லை என்பதில்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு.

பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ஆட்டம் முடிந்ததும் இன்ஜினைத் திறக்கிறார்கள். ஓரத்தில் ஒரு எண் வருகிறது. தனக்குப் பாதகமான எண்ணைப் பார்த்தவுடன் “இங்கேயே தோத்துட்டேன்” என்று மூடிவிடுகிறார்கள். அந்த எண் எதிராளி ஒவ்வொரு நகர்த்தலையும் மிகச் சரியாக ஆடினால் என்ன ஆகும் என்று சொல்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பது மனிதர். அவரைச் சிரமப்படுத்த என்ன வழி என்று அந்த எண் சொல்லாது. ஆகவே இன்ஜினைத் திறக்கும் முன் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள்: எதிராளியின் திட்டம் என்ன, அவர் விட்ட கட்டம் எது, என் காயில் எது அங்கே போகும், வழியில் என்ன நிற்கிறது. எழுதிய பிறகு இன்ஜினோடு ஒப்பிடட்டும். பழைய ஆட்டங்களைச் சொல்லித்தரும்போதும் வென்றவர் பக்கத்திலிருந்தே காட்டாதீர்கள். தோற்றவரின் நாற்காலியில் பிள்ளையை உட்கார வைத்து, இந்த இடத்தில் நீ என்ன செய்வாய் என்று கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை தோற்ற ஆட்டத்திலிருந்து வெளியே வரும்போது ரேட்டிங் எத்தனை குறைந்தது என்று முதலில் கேட்க வேண்டாம். எந்த இடத்தில் நிலைமை கெட்டது, அங்கே என்ன முயற்சி செய்தாய் என்று கேளுங்கள். உங்களுக்கு சதுரங்கம் தெரியவேண்டியதில்லை. பிள்ளை விளக்கும்போதே தனக்குத் தானே பாடம் நடத்திக்கொள்ளும்.

முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப் பாடம் தருகிறேன். பாட்வின்னிக் – கெரஸ் ஆட்டத்தில் பதினொன்றாவது நகர்த்தலில் யானை பி1-க்கு வந்த நிலைமையைப் போர்டில் வையுங்கள். வெள்ளைக்கு அப்போது இரண்டு திட்டமும் கையில் இருக்கிறது, பி4-ம் வரலாம், எஃப்3-ம் வரலாம். கெரஸ் மந்திரியை டி6-க்கு எடுத்தார், அது சரிப்படவில்லை. நீங்கள் கறுப்பு. இரண்டு திட்டத்துக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் நகர்த்தல் ஒன்றைத் தேடுங்கள். எஃப்3, இ4 வந்தால் டி4 என்ன ஆகும், சி5 எப்போது முடியும் என்று பாருங்கள். பி4 வந்தால் சி4-க்கு எந்தக் குதிரை, எத்தனை நகர்த்தலில் போகும் என்று எண்ணுங்கள். உங்கள் பதிலை எழுதி அடுத்த வாரம் கொண்டுவாருங்கள், இந்தப் போர்டிலேயே வைத்துப் பார்ப்போம். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.